துக்க வீட்டில் வேடிக்கை

துக்கம் கேட்கப் போகிறவனுக்கு நம்மிடம் விதிகள் இருக்கின்றன. செருப்பை வாசலில் விட்டு, உள்ளே போய், பேச ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, 'போய்வருகிறேன்' என்று சொல்லாமல் எழுந்துவிட வேண்டும். அந்த வீட்டில் காப்பி குடிப்பதுகூடச் சில ஊர்களில் ஆகாது. வீடு திரும்பியதும் குளித்தாக வேண்டும். எல்லாம் தீட்டு சம்பந்தப்பட்டவை என்று ஒதுக்கிவிடலாம். நானும் வெகுகாலம் ஒதுக்கியவன்தான். வியட்நாமில் ஒருநாள், முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரோடு வேனில் சுற்றிவிட்டு வந்தபிறகுதான் இந்த விதிகளுக்குள் வேறொரு விவேகம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. பிறர் துன்பத்தைப் பார்க்கப் போகிறவன் அங்கிருந்து எதையும் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது, அனுபவத்தைக்கூட, என்பதுதான் அந்த விதிகளின் சாரமோ என்று.

ஹோ சி மின் நகரத்தில் (உள்ளூர்ப் பேச்சில் இன்னமும் சைகோன்தான்) எந்த ஹோட்டலிலும் இந்தப் பயணத்துக்கு டிக்கெட் கிடைக்கும். காலையில் பா தென் மலை, நடுப்பகலில் தை நின்னில் காவ் தாய்க் கோயில், பிற்பகலில் கூச்சியின் யுத்தகாலச் சுரங்கங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நகரம். இயற்கை, பக்தி, சரித்திரம் என்று ஒரே இலையில் மூன்று பதார்த்தம். இப்படி அடுக்கியவர் மனத்தில் தத்துவம் எதுவும் இருந்திருக்காது. மூன்றும் ஏறத்தாழ ஒரே சாலையில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அடுக்கு என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அது தானாகவே எதையோ சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. கவிதைத் தொகுப்புப் போட்டவர்களுக்கு இது தெரியும்.

பா தென் என்றால் கறுப்பு அம்மா. மானத்தைக் காத்துக்கொள்ள மலையிலிருந்து விழுந்து செத்த பெண் தெய்வமான கதை. நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 986 மீட்டர். சமவெளியில் தன்னந்தனியாக நிற்பதால் அதற்கு மேலும் தெரிகிறது. 1964லிருந்து உச்சியில் அமெரிக்கர்கள் ஒரு வானொலித் தொடர்பு நிலையம் வைத்திருந்தார்கள். அடிவாரமும் அவர்களுடையது. நடுவிலிருந்த சரிவும் குகைகளும் கெரில்லாக்களுடையவை. உச்சியிலிருப்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஹெலிகாப்டரில் வரும். காலால் நடந்து யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. 1968 மே மாதத்தில் ஓர் இரவு கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் உச்சி முகாமைத் தாக்கிச் சூறையாடினார்கள். இன்று அங்கே மலர்ப் படுகைகள், 72 மீட்டர் உயர வெண்கல போதிசத்துவர், படம் எடுத்துக்கொள்ள வசதியான மேடைகள். 2020லிருந்து கேபிள் கார் ஓடுகிறது. எவனும் கடக்க முடியாதிருந்த அந்த நடுச் சரிவை அது சில நிமிஷங்களில் கடந்துவிடுகிறது. மேலேயிருந்து பார்த்தால் வயல்களும் நீர்த்தேக்கமும் மேற்கே கம்போடிய எல்லைப்பக்கமும் ஒரு வரைபடம்போல விரிந்து கிடக்கின்றன. மனிதர்கள் தெரிவதில்லை. அழகாகத்தான் இருந்தது. இப்படி ஓர் உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் கீழேயிருந்ததையெல்லாம் எரித்துவிடலாம் என்றும் சிலருக்குத் தோன்றியிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில். காவ் தாய் 1926ல் பிறந்த சமயம். புத்தம், தாவோ, கன்பூஷியம், கிறிஸ்தவம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் அழைத்தது. 1955ல் திறப்பு விழா கண்ட இந்தப் பெருங்கோயிலில் விக்கிரகம் என்று பார்த்தால் ஒரு கண். நட்சத்திரங்கள் பதித்த பெரிய கோளத்தின் மேல் எழுதிய ஒற்றை இடக்கண். ஜன்னல்களிலும் அதே கண். முகப்பு மண்டபத்தில் ஒரு சுவரோவியம்: பதினாறாம் நூற்றாண்டு வியட்நாமியக் கவி நுயென் பின் கியெமும் விக்தர் ஹ்யூகோவும் கடவுளுக்கும் மனிதனுக்குமான உடன்படிக்கையை எழுதுகிறார்கள், சன் யாட்-சென் மைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரசியல்வாதி மை பிடிக்க எழுத்தாளர்கள் எழுதுகிற காட்சி உலகத்தில் வேறெங்காவது இருக்குமா என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பார்வையாளர்களை மாடத்தில் நிறுத்துகிறார்கள். கீழே வெள்ளை அங்கியில் வரிசைகள். முன்னால் மஞ்சளும் நீலமும் சிவப்பும். மணி ஒலிக்க, தந்தி வாத்தியங்கள் இழைய, அத்தனை பேரும் ஒருசேரக் குனிந்தார்கள். மேலே நாங்கள் கேமராக்களோடு. தரிசனம் என்ற சொல்லை நாம் சுலபமாகப் பார்வை என்று பெயர்த்துவிடுகிறோம். கோயிலுக்குப் போகிறவன் பார்க்க மட்டும் போவதில்லை, பார்க்கப்படவும் போகிறான். சாமி காட்சி கொடுக்கிறது என்கிறோம், சாமியைக் காட்சிப்பொருள் என்று சொல்வதில்லை. கீழே நடந்தது தரிசனம். மேலே நடந்ததற்கு நம் மொழியில் வேறு பெயர் இருக்கிறது: வேடிக்கை பார்ப்பது. அவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கோயிலைக் கேலி செய்த இன்னொரு எழுத்தாளர் கிரஹாம் கிரீன். 'தி கொயட் அமெரிக்கன்' வந்ததும் அதே 1955தான். அதில் கதை சொல்லும் ஃபவுலர், நான் நிருபன், பார்த்ததைச் சொல்கிறவன், எந்தப் பக்கமும் சேராதவன் என்ற நிலையில் நிற்கப் பார்க்கிறான். தை நின் கோயில் விழாவைப் பரிகாசத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்து, இரவில் ஒரு காவல் கோபுரத்தில் ஒதுங்குகிறான். கோபுரம் தாக்கப்படுகிறது. அவனுக்குக் கால் உடைகிறது. இருட்டில், உள்ளே காவலிருந்த சிப்பாய் ஒருவன் சாகும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலுக்குத் தான் பொறுப்பு என்று, அதுவரை எதற்கும் பொறுப்பேற்காதவனுக்குப் படுகிறது. மாடத்தில் நின்று சிரித்தவனை நாவலாசிரியர் எங்கே கொண்டுபோய்க் கிடத்துகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே சாலையின் ஒரே இரவு.

வேனில் யாரும் பேசாத விஷயம் ஒன்று. நாங்கள் பார்த்துவிட்டு வந்த கோயிலும் பார்க்கப்போகும் சுரங்கமும் எதிரிகள். காவ் தாய்க்குச் சொந்தப் படை இருந்தது. நாற்பதுகளில் ஜப்பானியர் ஆதரவில் வளர்ந்து, பின்னர் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து வியட் மின்னை எதிர்த்துச் சண்டையிட்டது. அதன் தலைவர் ஃபாம் கோங் தாக் பிரெஞ்சுக்காரர்களால் மடகாஸ்கருக்கு நாடுகடத்தப்பட்டு 1946ல் திரும்பியவர். 1956ல் சைகோன் அரசுக்கு அஞ்சிக் கம்போடியாவுக்குப் போய் 1959ல் அங்கேயே இறந்தார். அவருடைய எச்சங்கள் 2006ல்தான் தை நின் வந்து சேர்ந்தன. 1975க்குப் பிறகு ஒடுக்கப்பட்டுக் கிடந்த சமயத்துக்கு 1997ல்தான் அரசு அங்கீகாரம். தோற்றவன் வீட்டையும் ஜெயித்தவன் வீட்டையும் ஒரே டிக்கெட் இணைத்துவிட்டது. இதைச் சமரசம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் சமரசத்துக்குச் சண்டை நினைவிருக்க வேண்டும்.

பிறகு ட்ராங் பாங். பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. கைடு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி இரண்டு வாக்கியம் சொன்னான், பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1972 ஜூன் 8ஆம் தேதி இந்த ஊரின் சிறிய காவ் தாய்க் கோயிலில் ஜனங்கள் ஒண்டியிருந்தார்கள். தென் வியட்நாம் விமானம் ஒன்று தன் பக்கத்து மனிதர்கள் மேலேயே நேபாம் போட்டது. உடையெல்லாம் எரிந்து நிர்வாணமாக ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சாலையில் ஓடிவந்த படத்தை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஃபான் தி கிம் ஃபுக். படத்தை எடுத்தவர் நிக் உட் என்று அரை நூற்றாண்டு அறியப்பட்டது. 2025ல் அதில் சந்தேகம் கிளம்பி, உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது. ஏபி நிறுவனம் மாற்றவில்லை. யார் எடுத்தது என்பது முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சாலையில் அன்று நின்ற நிருபர்கள், படக்காரர்கள் எல்லோருமே அந்தக் கணம் வரை வேடிக்கை பார்க்கவே அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் சிலர் அவள் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். உட் அவளைத் தன் வேனில் ஏற்றிக் கூச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ட்ராங் பாங்கிலிருந்து கூச்சிக்கு. எங்கள் வேனும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டுமா என்று அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். நிறுத்தினால் ஒரு மேடை வரும், மேடைக்கு டிக்கெட் வரும், அவள் ஓடிய இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை வரும். நிறுத்தாததால் அந்த இடம் சும்மா ஒரு சாலையாக இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். அன்றைய பயணத்தில் யாராவது ஒருவனை 'நீ என்ன செய்வாய்?' என்று கேட்கக்கூடிய ஒரே இடத்தை நாங்கள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தோம். வேடிக்கையிலிருந்து அந்த இடத்தைக் காப்பாற்றியதும் அதே வேகம்தான். இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

கூச்சியில் எல்லாமே நேர்த்தியாக இருந்தது. நாற்பதுகளில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகத் தோண்ட ஆரம்பித்து, அமெரிக்க யுத்தத்தில் 250 கிலோமீட்டர் வரை நீண்ட வலை. காய்ந்தால் கல்லாகிவிடும் செம்மண். கறையான் புற்றுபோல மறைத்த காற்றுத் துளைகள், அடுப்புப் புகையை நெடுக இழுத்துத் தரையோடு பரத்தி விடும் கால்கள், இலைச்சருகு மூடிய பலகைக் கதவு. 1966லும் 1967லும் பெரும் படைகள் வந்து, கிராமங்களைக் காலி செய்து, மேலிருந்து பி-52கள் குண்டு போட்டும் முழுக்க அழிக்க முடியவில்லை. இன்று பார்வையாளர் நுழையும் பகுதியை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அசல் அளவில் எங்கள் உடம்புகள் நுழையமாட்டா. அதாவது எங்களை உள்ளே விடாமலிருப்பதே அந்தச் சுரங்கத்தின் உண்மை. உபசாரத்துக்காக அந்த உண்மையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டார்கள். குனிந்து, பிறகு தவழ்ந்து, சில பத்து மீட்டர் போய் மேலே வந்தேன். மூச்சு முட்டியது. முட்டிய மூச்சை வைத்துக்கொண்டு, அங்கே வருஷக்கணக்கில் மலேரியாவோடு கிடந்தவர்களை 'உணர்ந்துவிட்டதாக' ஒரு நிமிஷம் நினைத்தேன். இதைவிடப் பொய்யான நிமிஷம் அன்று இல்லை. அல்லது ஒன்றுதான் இருந்தது.

சுரங்கத்துக்கு அருகில் துப்பாக்கி சுடும் இடம். ஏகே-47, எம்-16, எது வேண்டுமானாலும். குறைந்தது பத்துத் தோட்டா வாங்க வேண்டும். காட்டுக்குள் எங்கே நின்றாலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, யுத்தத்தின் பின்னணி இசைபோல. திருச்சிக்காரர் ஒருவர் வேனில் பழக்கமாகியிருந்தார். "வந்ததுக்கு ரெண்டு பேரும் பாதிப்பாதி சுட்டுடுவோம் சார். திரும்ப எங்க வரப்போறோம்?" என்றார். மறுக்க என்னிடம் வார்த்தைகள் இருந்தன; மாடத்தையும் மலையையும் பற்றிக் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள். ஐந்து தோட்டா சுட்டேன். தோளில் உதைத்தது. நாலாவது தோட்டாவில் குறிபார்க்க ஆரம்பித்திருந்தேன். மூன்று வரை பட்ட கூச்சம் அதில் இல்லை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

அந்த இடத்தின் மேல் கோபப்பட முயன்றேன். துக்க வீட்டில் தோட்டா விற்கிறார்கள் என்று. ஆனால் அவர்களுக்கு அது துக்க வீடு என்று யார் சொன்னது? கூச்சி ஜெயித்தவர்களின் வீடு. மூங்கில் பொறிகளைக் காட்டி விளக்கிய கைடு போருக்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவன். சிரிக்கச் சிரிக்கப் பேசினான், அவனுக்கு அந்த உரிமை உண்டு. என்னுடைய கனத்த முகத்தைக் கண்டு அவன் சலிப்படைந்திருக்கலாம். உனக்காக இன்னும் எத்தனை வருஷம் நாங்கள் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால் என்னிடம் பதிலில்லை. அழுகைக்கு அவர்கள் வேறு இடம் வைத்திருக்கிறார்கள்: பென் துவோக் பக்கம் ஒரு நினைவுக் கோயில், 44,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில். எங்கள் டிக்கெட்டில் அது சேரவில்லை. மறுபக்கம் நின்று செத்த தென் வியட்நாம் சிப்பாய்களுக்கு எந்த டிக்கெட்டிலும் நிறுத்தமில்லை.

கிளம்பும் முன் ஒரு நீள மேஜையில் உட்காரவைத்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடியும், தேநீரும் கொடுத்தார்கள். சுரங்கத்திலிருந்தவர்கள் சாப்பிட்டது இதுதான் என்றார்கள். கிழங்கு சூடாக, நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டபோது கைடு ஒவ்வொருவர் கையையும் பிடித்து, மறுபடி வாருங்கள் என்றான். வருகிறேன் என்றேன். அறைக்குப் போய்க் குளித்தேன். புழுக்கத்துக்காகத்தான்.