முடிவுக்கும் ஒரு முறை உண்டு

பழைய கோப்பு திறக்கவில்லை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. "விடுங்க அண்ணாச்சி, எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்லா" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் டிடிபி கடை நடத்துகிறவனுக்கு இப்படி வாடிக்கையாளர் அமைவது வரம். ஆனால் அந்த ஆறுதல் எனக்குச் செரிக்கவில்லை. மனுசன் கண் மூடுவதும் மென்பொருள் ஓடாமல் போவதும் ஒரே நிலையாமைதானா?

என் பிழைப்பு நோட்டீஸ். தசரா குழுக்களுக்கு, கந்தூரிக்கு, மணப்பாட்டுக் கோயில் திருவிழாவுக்கு. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அதன் கடைசிப் பதிப்பான ஏழு வந்தது 2001-இல். அதை வெளியிட்ட நிறுவனத்தின் இன்டிசைனில்கூட சிஎஸ்6 வரைதான் அந்தக் கோப்புகள் திறக்கும். எழுத்து பாமினி என்ற ஃபாண்ட். கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தமிழ் வடிவம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் எங்கள் ஊர் முத்தாரம்மன் பெயரே குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது, 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. அச்சுத் தொழில் மட்டும் பாமினியை விடவில்லை.

2025 அக்டோபர் 2-ஆம் தேதி இரவு இங்கே தசராவின் சூரசம்ஹாரம். 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. கணினி அன்றைக்கே நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி வழக்கம்போல அடைத்துத் தர மாட்டார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. புதுக் கணினி வாங்கினாலும், அந்தக் காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது.

நிலையாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். உடம்பு தேயும், செல்வம் போகும். அதில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் மென்பொருளுக்கு ஆதரவு முடியும் தேதியை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். விண்டோஸ் 10 வந்த 2015-லேயே அதன் கடைசி நாளும் அறிவிக்கப்பட்டுவிட்டது.

பழசைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதும் அப்படி ஒரு முடிவுதான். எங்கள் ஊர் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த நாளில் வாயேஜர் 1 விண்கலம் அர்த்தமில்லாத எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 1977-இல் கிளம்பிய கலம், இருந்த தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். நாசா பொறியாளர்கள் பழுதான சில்லிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஏப்ரலில் கலம் மறுபடி புரியும்படி பேசியது. வேண்டும் என்று நினைத்தால் நாற்பத்தாறு வருசம் கழித்தும் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே, ஆதரவு நிற்பது காலத்தின் செயல் என்று நாம் தலையாட்டினால், முடிவெடுத்தவரின் பொறுப்பைத் தூக்கி அம்மன் தலையில் வைக்கிறோம்.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றைக்கும் காப்பாற்று என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. பழசுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஆளும் பணமும் வேண்டும். எதையும் முடிக்கத்தான் வேண்டும். எப்படி முடிப்பது என்பதற்கு எங்கள் தசராவே போதும். நேர்ந்துகொண்டவர் விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளியாகவோ குறவனாகவோ வேசம் போடுகிறார். ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறார். அந்தக் காசு அவருடையதல்ல, அம்மன் உண்டியலுக்குப் போகிறது. சூரனை அழித்த அம்மனுக்கும் சாந்தாபிஷேகம் நடக்கிறது. அதன் பிறகே காப்பு களைகிறார்கள். கழற்றிய வேசத்துக்காக யாரும் அழுவதில்லை, ஏனென்றால் வாங்கிய எதுவும் அதற்குள் தங்கிவிடவில்லை.

மென்பொருள் செய்பவர்கள் காப்புக் களையும் தேதியை மட்டும் ஒழுங்காக அறிவிக்கிறார்கள். எங்கள் உழைப்பை வேறு எவரும் திறக்கும் வடிவத்தில் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது பெரும்பாலும் நடப்பதில்லை. குறை அங்கேதான்.

அந்தக் கடன் எனக்கும் உண்டு. குழுக்களின் பல வருசத்து உபயதாரர் பட்டியல், இறந்துபோனவர்கள் பெயர் உட்பட, என் கணினியில் கிடக்கிறது. இணையத்தைத் துண்டித்த பழைய கணினி ஒன்றில் பேஜ்மேக்கரை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறேன். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். மாற்றி முடித்ததும் பெயர் பெயராக வாசித்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு எழுத்துக் கோப்பையும் பிடிஎஃப்பையும் பென்டிரைவில் போட்டுக் குழுத் தலைவரிடம் கொடுக்கிறேன்.

"எங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி, உங்ககிட்ட இருந்தா போதாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"இது உங்க பொருள்லா. நான் நாளைக்கே கடையைப் பூட்டினாலும் உங்க கையில இருக்கணும்" என்றேன்.

பற்றை விடச் சொல்வது நல்ல உபதேசம்தான். அடுத்தவர் பொருளை அவர் கையில் சேர்த்துவிட்டு அதைச் சொல்ல வேண்டும்.