அன்னையின் அருகில் ரமணர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மேலே போகப் போகக் காற்று நிற்கவிடாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பகலிலும் வாகனங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் வரவேண்டும். நக்கிள்ஸ் மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. ஈரல் சுருங்கிப்போன தகப்பனை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைக்கோ, நடுச்சாமத்தில் இரத்த வாந்தி வந்தால் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு எப்படி இறங்குவது என்கிற கவலை.

மாற்று ஈரல் வைக்க முடியாது என்று வைத்தியர்கள் கைவிரிக்கும் நாள் கொடியது. இருதயம் தாங்காது என்பார்கள். புற்று வெளியே பரவிவிட்டது என்பார்கள். உடம்பு மிகவும் தளர்ந்துவிட்டது என்பார்கள். 1998 நவம்பரில் தில்லியில் ஒரு தகப்பன் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தன் குழந்தைக்குக் கொடுத்தார். காஞ்சிபுரத்துக் குழந்தை அது. பிழைத்து, வளர்ந்து, மருத்துவமும் படித்தது. அப்படியிருக்க, "எங்கப்பாவுக்கு நான் குடுக்கிறேனே, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மகள் கெஞ்சாமல் இருப்பாளா? ஆனால் கத்தியைத் தாங்காத உடம்புக்கு யார் கொடுத்தும் பயனில்லை. அதில் அவள் குற்றம் எள்ளளவும் இல்லை.

அப்போதுதான் அவள் மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் போய் நிற்கிறாள். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் கோயில். நேர்த்தி வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் அரிது. அப்பரடிகளின் சூலை நோய் திருநீற்றால் தீர்ந்ததே, எங்கப்பாவின் நோய் மட்டும் ஏன் தீரவில்லை என்று அவள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. பக்தி போதாது என்று அவளிடம் சொல்வது பாவம்.

அந்தக் கேள்வியோடு திருவண்ணாமலைக்குப் போய்ப் பார்ப்போம். 1914-இல் ரமண மகரிஷியின் தாய் அழகம்மாள் மகனைப் பார்க்க வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தார். எல்லாம் துறந்தவர் என்று உலகம் நினைத்த அந்த மகன், தாயைக் காப்பாற்றும்படி அருணாசலனை வேண்டிச் செய்யுள் எழுதினார். அம்மா பிழைத்தார். 1916-இல் மகனோடு தங்கவே வந்துவிட்டார்.

1922 மே 19. மறுபடி நோய், இந்த முறை முடிவு நெருங்கிவிட்டது. பிழைக்க வைக்கும்படி மகன் பாட்டு எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவு உயிர் அடங்கும்வரை இருந்தார். பிறகு எழுந்து, காத்திருந்தவர்களைச் சாப்பிட அழைத்தார்.

மகன் ஒருவர்தான், தெய்வமும் ஒன்றுதான். முதலில் அவர் பிரார்த்தனை சொல்லாக வந்தது. எட்டு ஆண்டு கழித்துக் கையாக வந்தது. 1922-இல் அவருக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ரிவர்ஸ்டன் பக்கத்து வீட்டில் அந்தக் கை செய்ய வேண்டியவை நிறைய. ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறும்போது அப்பா பகலில் தூங்குவார், இரவில் விழிப்பார், மகளையே அடையாளம் தெரியாமல் ஏசுவார். ஏசுவது நோய், அப்பா அல்ல. வைத்தியர் கொடுத்த லக்டுலோஸ் பாணியைத் தவறாமல் கொடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை மலம் இளக்கமாகப் போகிறதா என்று பார்ப்பது அர்ச்சனைக்குக் குறைந்த வேலையல்ல. வயிற்றில் தண்ணீர் கட்டினால் உப்பைக் குறைப்பது, படுக்குமுன் ஏதாவது உண்ணக் கொடுப்பது, வைத்தியரைக் கேட்காமல் வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ கொடுக்காதிருப்பது, எல்லாம் அந்தக் கையின் வேலைதான். மயக்கம் கூடினால், மலம் கறுத்தால் எந்த வாகனத்தில் இறங்குவது என்று பனி இல்லாத பகலிலேயே பேசி வைக்கவேண்டும். கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியிலா வீட்டிலா என்பதை, தெளிவு இருக்கும்போதே அப்பாவிடம் கேட்கவேண்டும். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் பின்னால் வீடே தவிக்கும்.

நோய் தீராது என்றான பிறகும் வைத்தியம் உண்டு. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தது அதற்காகவே. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அதைக் கேரளத்து வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. வலி, அரிப்பு, மூச்சுத்திணறல் எதையும் சகித்துக்கொண்டு கிடக்கவேண்டியதில்லை. கிளினிக்கில் கூசாமல் கேட்கலாம்.

கூச்சத்துக்குக் காரணம் ஊர்வாய். ஈரல் என்றதும் "குடிச்சாரா?" என்கிறது. சீனி வருத்தமும் ஈரலில் படியும் கொழுப்பும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் சாராயத்தைத் தொடாதவர் ஈரலையும் சுருக்கும். குடித்தே வந்ததாக இருக்கட்டும். படுத்துக் கிடக்கிறவரை விசாரிக்க அயலவர் நீதிபதிகள் அல்லர்.

உங்கள் லயத்தில், உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், காரணம் கேட்காதீர்கள். உப்புக் குறைத்துக் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். அந்தப் பிள்ளையை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். ஓர் இரவாவது நீங்கள் கண்விழித்து, அவளைத் தூங்கவிடுங்கள்.