தகுதி முன்னா, அழைத்தல் முன்னா?



பாஸ்குத் திருநாளுக்குப்பின் வீடு மந்திரிக்கச் சென்றபோது நடந்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எந்த வீடு என்று தேட வேண்டாம். அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகன். நடக்கவும் மாட்டான், பேசவும் மாட்டான். தகப்பன் பிழைப்புக்காகக் கடல் கடந்து போயிருக்கிறான். தீர்த்தம் தெளித்து முடித்தபின், அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, குருமடத்தில் படித்த காலம் முதல் பலருக்கும் சொல்லி வந்ததையே அன்றும் சொன்னேன்: "அம்மா, சர்வேசுரன் உங்களைத்தான் நம்பி இந்தப் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார். சுமையைக் கொடுத்தவர் அதைத் தாங்கத் தோளையும் கொடுப்பார்."

அவள் கோபிக்கவில்லை. "தோளைக் கொடுத்திருக்கார் சாமி, இல்லேன்னு சொல்லலே. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் இவனைப் பார்த்துக்க ஒரு ஆளையும் கொடுத்தாருன்னா நான் பூசைக்கு வந்துருவேன். பூசை கண்டு நாலு மாசம் ஆச்சு" என்றாள்.

மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. பங்குக் குருவானவர் என்ற முறையில் நாலு மாதமாக அவள் வராததைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. அன்று முதல் இந்தக் கேள்வி என் மனத்தில் உழன்றுகொண்டே இருக்கிறது. சர்வேசுரன் ஒருவரை ஒரு கடமைக்கு அழைக்கும்போது அதற்கு வேண்டிய தகுதியையும் தருகிறார் என்கிறோமே, அது மெய்தானா? மெய்யென்றால் எதை, யார் வழியாகத் தருகிறார்?

இந்தக் கருத்து இப்பொழுது கைப்பேசிகளில் பூப்படத்தோடு நாள்தோறும் சுற்றி வருகிறது. திருச்சபையிலோ அது மிகப் பழையது. தாம் ஒரு காரியத்துக்கென்று தெரிந்துகொள்ளுகிறவர்களை, அதற்கு ஏற்றவர்களாகும்படி சர்வேசுரன் ஆயத்தம் செய்கிறார் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தேவமாதாவைப்பற்றி எழுதுமிடத்தில் கற்பிக்கிறார். அப்படியானால் யூதாசும் அழைக்கப்பட்டவன்தானே என்று கேட்பீர்கள். ஆம், வரப்பிரசாதம் கையைப் பிடித்து முறுக்குவதில்லை, வேண்டாமென்று தள்ளவும் நமக்குச் சுயாதீனம் உண்டு. ஆனால் இன்று நான் பேச வந்தது தள்ளினவர்களைப்பற்றி அல்ல. கீழ்ப்படிந்தும் கை வெறுமையாய் நிற்பதாக உணருகிறவர்களைப்பற்றி.

வேதாகமத்தில் மோயீசன் என்ன சொன்னார்? எனக்கு நாக்குத் திக்கும், வேறு ஆளை அனுப்பும் என்று மன்றாடினார். ஆண்டவர் அந்த நாக்கைச் சீர்ப்படுத்தினதாக அங்கே எழுதியிருக்கவில்லை. உன்னோடு இருப்பேன் என்றார். பேசுவதற்கு அண்ணன் ஆரோனைக் கூட்டிவிட்டார். அதாவது, மோயீசனுக்குக் கிடைத்த ஆயுதம் இன்னொரு மனிதன்! அர்ச். சின்னப்பரோ தம்மைக் குத்தின முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டினார். முள் எடுபடவில்லை, தமது வரப்பிரசாதம் போதும் என்ற பதில்தான் வந்தது. தாவீதுக்குச் சவுல் ராசா தன் சொந்தக் கவசத்தையே மாட்டிப் பார்த்தார். அதைப் போட்டுக்கொண்டு பையனால் நடக்க முடியவில்லை, கழற்றி வைத்துவிட்டு ஓடையில் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த வரத்தை நமக்கும் கேட்டு அழுகிறவர்கள் இந்தக் கடைசிச் சம்பவத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்முடைய நாட்டுக்கே வருவோம்.

அர்ச். சவேரியார் 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பாஷை வரம் இருந்தது, எந்த மொழியையும் நினைத்தவுடன் பேசுவார் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1544 சனவரியில் அவரே எழுதின கடிதம் வேறு கதை சொல்லுகிறது. போர்த்துக்கீசும் தமிழும் அறிந்த சிலரைக் கூட்டி உட்கார வைத்து, மிகுந்த பிரயாசைப்பட்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றைக் குருட்டுப் பாடமாகக் கற்றுக்கொண்டு, கையில் மணியடித்தபடி தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகள் எல்லாரிடமும் போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அற்புதம் இல்லாமல் போயிற்று என்று எனக்கு வருத்தமில்லை. நடுத்தர வயதை நெருங்கும் ஒரு மேதை, சிறுபிள்ளையைப் போல உட்கார்ந்து மனப்பாடம் செய்ததை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகப் பக்தி உண்டாகிறது.

அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளாரைப்பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1520-ல் போர்த்துக்கல் தேசத்தில் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். முன்னோர் யூத குலத்தவர் என்ற காரணத்தினால் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. தகுதியில்லை என்று மனிதர் முத்திரை குத்தி அனுப்பிய ஆள்! சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-ல் இந்தியா வந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறை சேர்ந்தார். உடம்போ அடிக்கடி நோய்ப்படும் உடம்பு. அந்த உடம்போடு 1600-ம் ஆண்டு சாகும்வரை, ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையிலேயே உழைத்தார். தமிழைக் கசடறக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் திறக்கிற ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்துக்கும் அந்தப் பதினாறு பக்கமே மூத்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அச்செழுத்தை அவரா வார்த்தார்? இல்லை. கோவாவிலும் கொல்லத்திலும் இருந்த அவருடைய சேசு சபைத் துறவிகளே அந்த எழுத்துக்களை வெட்டி வார்த்துக் கொடுத்தார்கள். வெளியேற்றப்பட்ட அந்த நோயாளியைச் சர்வேசுரன் ஆயத்தப்படுத்தினது உண்மை. ஆயத்தத்தில் பாதி பிறர் கையில் இருந்ததும் உண்மை.

இனி நம்முடைய மறவ நாட்டு அருளானந்தர். ஓரியூர் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து வீட்டில் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பங்கில் அநேகர். 1987-ல் ஏற்பட்ட நமது சிவகங்கை மேற்றிராசனத்துக்குள்ளேதான் அந்தப் புண்ணிய பூமி இருக்கிறது. 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை அவர். சிறுவயதில் கடும் நோய் கண்டு, தாயார் சவேரியாருக்குப் பொருத்தனை செய்து காப்பாற்றினார்கள். அப்படிப்பட்டவர் காவி உடுத்திப் பண்டார சுவாமியாக, மரக்கறி உணவோடு நம் காடுமேடெல்லாம் நடந்தார். 1686-ல் பிடிபட்டுக் கொடிய வாதனைப்பட்டார். சேதுபதி மன்னர் இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாதென்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். பிறகு சபைக் காரியமாக ஐரோப்பா போனார். பழைய தோழராகிய இளவரசர் இப்போது அரசர். அங்கேயே தங்கும்படி வேண்டியும் நில்லாமல் 1690-ல் திரும்பினார். தடியத்தேவர் நோயாய்க் கிடந்தபோது அவரிடம் போய்ச் சுவிசேஷம் வாசித்துச் செபித்தவர் ஓர் உபதேசியார் என்று வரலாறு கூறுகிறது. தேவர் குணமாகி ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு வாழத் துணிந்தார். தள்ளப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அதிலிருந்து வந்த கோபம் 1693 பெப்ருவரி 4-ம் தேதி ஓரியூரில் முடிந்தது.

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. 1686-ல் தப்புவித்தவர் 1693-ல் ஏன் தப்புவிக்கவில்லை? முதல் தடவை ஆயத்தப்படுத்தினார், இரண்டாம் தடவை கைவிட்டாரா?

அருளானந்தர் அப்படி எண்ணவில்லை என்பதற்கு அவர் சிறையிலிருந்து எழுதின கடிதமே சாட்சி. மை இல்லாததால் கரியைக் கொண்டு எழுதினார். அதில் புலம்பல் இல்லை, மரணத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறவரின் சந்தோஷமே இருக்கிறது. அவருக்கு அந்த வேளைக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டுக் கரியும், அசையாத மனமும். இரண்டும் கொடுக்கப்பட்டன. நாம் கேட்பது ஜெயம். சர்வேசுரன் வாக்களித்தது தாம் வைத்த கடமையை நிறைவேற்றப் போதுமானது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளுவதினாலேயே பாதி விசுவாசம் நொந்து போகிறது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் கொட்டகைக்குப் போயிருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டை அப்புகிறார்கள். வேலைக்காரன் கண்ணுக்குத் தெரிவது கரடுமுரடான முதுகுப்பக்கம். பல நாள் தண்ணீரில் ஊறிக் காய்ந்தபிறகே கண்ணாடி விலகி முகம் தெரிகிறது. ஊறும் நாட்களில் எட்டிப் பார்க்கிறவனுக்கு அது வெறும் சிமெண்டுப் பாளம்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மனத்தில் எழும் ஆசையெல்லாம் தேவ அழைத்தல் அல்ல. பெண்டு பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு, ஆண்டவர் அழைத்தார் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யக் கிளம்புகிறவனை நான் நம்பமாட்டேன். எதிர்ப்பக்கமும் உண்டு: ஞானோபதேசம் நடத்த வாருங்கள் என்றால், "எனக்கு அந்தத் தகுதி இல்லை சாமி" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். அது தாழ்ச்சியா, சோம்பலா? பேங்குத் தேர்வுக்கு இரவு இரண்டு மணிவரை விழித்துப் படித்தவர் சின்னக் குறிப்பிடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியற்றவரென்றால், நான் சிரிக்காமல் என்ன செய்வது?

மறுபடி அந்தத் தாயிடம் வருகிறேன். அவள் கேட்டது அற்புதமல்ல, ஆரோனைக் கேட்டாள். சர்வேசுரன் ஏற்கெனவே கொடுத்துமிருந்தார். அந்த ஆரோன் நம் தெருக்களில்தான் குடியிருக்கிறான்; ஞாயிறு காலையில் நமக்குப் பக்கத்துப் பலகையில்தான் முழந்தாளிடுகிறான். வந்து சேராதது அவனுடைய கால் மட்டுமே. தோளைக் கொடுப்பார் என்று அவளிடம் சொன்ன நான், அந்தத் தோள் யாருடையது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மரியாயின் சேனைப் பெண்கள் இருவரிடம் இதைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, அப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லையே என்று முதலில் தயங்கினாள். தாயே கூட இருந்து இரண்டு நாள் கற்றுக்கொடுத்தாள். சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்கு, ஆண்கள் பக்கத் தூணோரம் கடைசி வரிசையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததை நற்கருணை கொடுக்கும்போது கண்டேன். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கும் ஆள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் உபதேசியாரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு