வாக்கும் வழக்கும்

அரியலூர்ச் சிமெண்டு ஆலைத் தொழிலாளி பணம் போடுகிறான். பெரம்பலூர் நண்பன் சீட்டாடுகிறான். வென்றால் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. இவ்வாறு வைத்துக்கொள்வோம். ஆயிரம் இலட்சமாகிறது. ஆடியவன் கைவிரிக்கிறான்: "சூதுக்குச் சட்டமில்லை, வென்றதோ என் அதிர்ஷ்டம்!"

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சூது ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மை. ஆயினும், பந்தய வணிகத்தில் கூட்டுச் சேர்ந்தபின் நட்டத்தில் தம் பங்கைத் தர மறுத்தவரின் வழக்கு ஒன்று உண்டு. அந்தக் கெருலால் பாரக் வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பந்தயம் செல்லாது; அதற்கெனச் செய்த கூட்டு சட்டவிரோதமன்று. மறுத்தவர் தோற்றார்.

சட்டம் கைவிட்டாலும் அறம் கைவிடுமோ? தோற்றிருந்தால் போயிருப்பது தொழிலாளியின் பணமன்றோ! நட்டம் முழுதும் அவனுக்கு, இலாபம் முழுதும் இவனுக்கா? அதிர்ஷ்டம் என்னும் மூடச்சொல், பிறர் பங்கை விழுங்கப் போர்த்தும் போர்வை.

குடி கெடுக்கும் சூதை ஒழிப்போம், தோழர்களே! ஆனால் அதன் இழிவைக் காட்டி வாக்கை மறுப்பது அதனினும் இழிவு. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் தெய்வத்துக்கு அஞ்சித் தரக்கூடும். அஞ்சாத பகுத்தறிவாளன், கொடுத்த சொல்லுக்காகவே தரவேண்டும். அதுவே தன்மானம்.