கூச்சம் குற்றமாகுமா?

கல்லூரியின் முதலாண்டில் காலடி வைக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் முதல் அண்டை வீட்டார் வரை அனைவரும் வழங்கும் அறிவுரை ஒன்றே: "கூச்சத்தை விடு, நாலு பேரோடு பழகு." கூச்சம் என்பது கழுவிக் களையத்தக்கதொரு கறை என்னும் எண்ணம் இவ்வறிவுரையின் அடியில் கிடக்கிறது. அவ்வெண்ணம் சரியானதுதானா?

வள்ளுவப் பெருந்தகை நாணுடைமைக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். தகாத செயலைக் கண்டு உள்ளம் சுருங்குவது நாணம். கற்றதை அவையில் உரைக்க நா எழாதிருப்பது அவையச்சம். முன்னது சான்றோர்க்கு அணி. பின்னது கற்ற கல்வியையே பயனற்றதாக்கும் பிணி. நம் பிள்ளைகளின் கூச்சமோ இவ்விரண்டனுள் எதனுள்ளும் முழுதாய் அடங்குவதில்லை.

நமது ஸ்ரீராம்புரத்தையே எடுத்துக்கொள்வோம். தெருக்குழாயடியில் குடத்துக்காக உரக்கச் சண்டையிடும் பிள்ளை, கல்லூரி வகுப்பில் வாய் திறவாது கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். ஒரு சொல்லை எடுப்பதற்குள் மும்மொழியிலும் அதனை நிறுத்துப் பார்க்கவேண்டிய நிலை. நிறுத்து முடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். ஆகவே கூச்சம் பிறவிக் குணம் என்பதைக் காட்டிலும், நின்ற இடம் தன் இடமன்று என்று உணரும் உள்ளத்தின் நிலை என்பதே பொருந்தும்.

கூச்சம் தமக்குக் கேடயமாய் இருந்தது என்றும், சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்றும் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் கூறுகிறார். உண்மைதான். ஆயினும் அந்தக் காந்தியடிகளே 1888-ல் பவநகர் சாமளதாஸ் கல்லூரியில் சேர்ந்து, பாடங்களைப் பின்பற்ற இயலாமல், முதற்பருவ முடிவிலேயே வீடு திரும்பியவர். வென்று முடித்தவர் கூச்சத்தைப் புகழலாம். பாதியில் திரும்பியவனுக்கு அப்புகழுரை என்ன ஆறுதல் தரும்?

இவ்விடத்தில் என் நினைவிற்கு வருபவர் கணிதமேதை இராமானுசன். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையுடன் சேர்ந்து, கணிதம் ஒன்றையே பற்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் தவறினார். 1912-ல் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். (எழுத்தர் இனத்தைச் சேர்ந்த எனக்கு இச்செய்தியில் ஒரு தனிப்பெருமை உண்டு.) 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியை அடைந்தார். அது அவருக்கு மறுபடியும் ஒரு முதலாண்டு.

அங்கே அவரை ஒரு குளிர்நாளில் காண வந்தார் வங்கத்து மாணவர் மகலனோபிஸ். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியுடன் சால்வையையும் போர்த்திக்கொண்டே உறங்குவதாகவும் இராமானுசன் உரைத்தார். கம்பளிகள் போதாவோ என்று ஐயுற்ற நண்பர் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன! அவை மெத்தையின் விளிம்பில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு இடப்பட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியாது; மேல்விரிப்பின் கீழ் மட்டுமே படுத்திருந்தார். நண்பர் செய்து காட்டினார். இராமானுசன் உள்ளம் நெகிழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியைத் தாம் 1967-ல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தவர் நூலக அறிஞர் சீர்காழி இரங்கநாதன். நம் பெங்களூரில் வாழ்ந்து 1972-ல் மறைந்த அப்பெரியார், தாமே இளமையில் திக்குவாயால் இடர்ப்பட்டவர் என்பது நினைக்கத்தக்கது.

எண்களின் மறைபொருளை உணர்ந்த மேதைக்குப் படுக்கையின் முறை தெரியவில்லை என்று நகைப்போர் உளர். நான் நகைக்கமாட்டேன். "இதில் எப்படிப் படுப்பது?" என்று வினவுவது எத்துணை அரிது என்பதை அயலூர் வந்து குடியேறிய குடும்பங்கள் அறியும். இங்கு நான் வியப்பது அவர் கேளாமையை அன்று. மகலனோபிஸ் அவரைக் "கேட்டிருக்கலாமே" என்று கடிந்துகொள்ளவில்லை. எழுந்து சென்று பார்த்தார். அவருக்கும் அது அயல்நாடே, அவரும் மாணவரே, ஆண்டில் இளையவரும் ஆவார்.

ஒருவன் கூச்சத்தால் தனக்குரியதை இழப்பானாயின் அது இரங்கத்தக்கது. அதே கூச்சத்தால் பிறனுக்குரியதை அவன் இழக்கச் செய்வானாயின்? இவ்வினா எனக்கு ஏட்டு வினா அன்று.

1990-களின் இறுதியில் நான் பட்டப்படிப்பின் முதலாண்டில் இருந்தபோது, கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒருவன் என் அருகில் அமர்ந்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஸ்ரீராம்புரத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தான். பேராசிரியர் வருகை எண்களை விரைந்து படிப்பார். இவன் "பிரசென்ட் சார்" என்பது எனக்கு மட்டுமே கேட்கும். வராதவன் என்று குறிக்கப்படுவான். ஒருநாள் இரண்டுநாள் அன்று, வாரந்தோறும் இவ்வாறே நிகழ்ந்தது. எழுந்து சென்று திருத்தச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "ஐயா, இவன் இங்கே இருக்கிறான்" என்று சொல்ல எனக்கும் எழவில்லை. நானும் கூச்சமுடையவன் என்பதையே இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே காரணமாய்ச் சொல்லிவந்தேன்.

ஆண்டிறுதியில் வருகைக் குறைவு என்று பலகையில் ஒட்டப்பட்ட பட்டியலில் அவன் எண் இருந்தது. தேர்வெழுத அனுமதி கிட்டவில்லை. பலகையின்முன் சற்று நேரம் நின்றான், என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தான், போய்விட்டான். மறு ஆண்டு அவன் வரவில்லை. அத்தை வீட்டாரும் பின்னர் வேறிடம் பெயர்ந்தனர்.

என் மகள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். என்னைப் போலவே வாய் பேசாதவள். "கூச்சத்தை விடு" என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மாலையில் வந்ததும், பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் பெயர் என்னவென்று மட்டும் கேட்கிறேன்.