குதிரையும் மீன் தொட்டியும்

உங்கள் வீட்டுப் பரண் மேலோ மொட்டை மாடியிலோ ஒரு காலி மீன் தொட்டி இருக்கிறதா? இருக்கும். பையன் ஸ்கூலில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. பையன் இப்போது பெங்களூரில் இருப்பான். மீன்கள் என்னவாயின என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் சுமார் 127 லிட்டர். அதாவது 127 கிலோ. விற்றுவிடலாம் என்று இறக்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை, அடியில் விரித்திருந்த பேப்பரில் ஒரு மூலை நனைந்திருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்தார். ''மேலாப்ல ஒரு கோட்டு இழுத்துரலாம் சார், அரை மணி நேர வேலை'' என்றார். விசாரித்ததில் அது கண்துடைப்பு என்று தெரிந்தது. புது சிலிக்கான் கண்ணாடியை உடும்பு மாதிரி பிடிக்கும். ஆனால், காய்ந்துபோன பழைய சிலிக்கான் மேல் சரியாக ஒட்டாது. ஆகவே உள் ஓரங்களில் இருப்பதை எல்லாம் பிளேடால் சுரண்டி எடுத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பாத்ரூமுக்கென்று விற்கும் 'பூஞ்சை பிடிக்காத' ரகம் ஆகாது. அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம். இழுத்த பிறகு வினிகர் வாசனை போகிறவரை காயவிட வேண்டும். காயவிட என்று சொன்னாலும், சிலிக்கான் இறுகுவது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான். சென்னையில் அதற்கா பஞ்சம்!

நானே செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நாலு பிளேடு, ஒரு விரலில் பிளாஸ்திரி.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கிறது. தொட்டியைத் தாங்குவதே அதுதான். அதை மாற்ற வேண்டுமானால் ஐந்து கண்ணாடிகளையும் தனித்தனியாகப் பிரித்து, முதலிலிருந்து கட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. அந்தப் படலம் பதினாலு வருஷப் பழசு. உள்ளே நான் இழுத்த கோடு பளபளவென்று புதுசு.

மறுபடி நிரப்பி ஏழு நாள் வைத்தேன். பேப்பர் நனையவில்லை. தொட்டி, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி இருந்தது. வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பித்தது. வாங்க வருகிறவரிடம், 'இது ஒரு தடவை ஒழுகியது' என்று சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

''கேட்டா சொல்லுங்க. கேக்காதவங்ககிட்ட எதுக்கு? இப்பதான் ஒழுகலையே'' என்றாள் மனைவி.

டயோஜினிஸ் சொன்னதும் இதைத்தான். பீப்பாயில் குடியிருந்தவர் இல்லை; இவர் பாபிலோன்காரர், வேறு ஆள். ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-ல் தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' என்ற நூலில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரமெல்லாம் மோசம். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லியாக வேண்டுமா? 'வேண்டாம், வாங்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்?' என்பது டயோஜினிஸ் கட்சி. 'சொல்லாமலிருப்பது வழி தெரியாதவனுக்கு வழி காட்டாததைவிட மோசம்' என்பது அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் கட்சி. சிசரோ சீடர் பக்கம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதில் ஒரு குதிரை வருகிறது. கோளாறுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயே திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். (என் மனைவி வக்கீலாகப் போயிருக்கலாம்.) ஆனால், அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். வாங்குவது அவருடைய மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால்? அந்த உறவினாலேயே, சொல்வது அவர் கடமை ஆகிவிடுகிறது. மூன்றாவது உதாரணத்தில், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறார் வாங்குபவர். அப்போது மௌனமும் பேச்சுதான்.

இந்த உதாரணங்களை எழுதிய வெள்ளைக்காரருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. நம் ஊரில் யாரும் முழு அந்நியர் இல்லை. ஆட்டோக்காரர் அண்ணன், பூக்காரி அக்கா, மாடி வீட்டுக்காரர் அங்கிள். வெறும் பழக்கதோஷம், அதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அப்படியானால் காய்கறிக் கடையில், 'அண்ணே, பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே' என்று எதற்காகக் கேட்கிறோம்? அந்த வார்த்தைக்கு எடை உண்டு என்று நமக்குத் தெரியும். நமக்கு வேண்டியபோது அதை வைத்துத்தானே விலையைக் குறைக்கிறோம்?

தொட்டி வாங்க வந்தது ஒரு சின்னப் பெண். கல்யாணமாகி ஆறு மாசம், வேளச்சேரியில் முதல் மாடியில் வாடகை வீடு. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ''சூப்பரா இருக்கு அங்கிள். நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்'' என்றாள். இரண்டாவது உதாரணமும் மூன்றாவது உதாரணமும் ஒரே வாக்கியத்தில்!

அதைவிட என்னைக் குடைந்தது வேறு. அது முதல் மாடி. கீழ்வீட்டில் யாரோ இருப்பார்கள். அவர்கள் தொட்டியைப் பார்க்கவில்லை, வாங்கவில்லை, பேரம் பேசவில்லை. 'வாங்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்' என்று டயோஜினிஸ் வாங்கினவளிடம் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறவரிடம் எப்படிக் கேட்பார்?

சொன்னேன். ஒழுகியது, சுரண்டியது, ஏழு நாள் வைத்துப் பார்த்தது, நடுவில் இருப்பது பழசு, எல்லாவற்றையும். அவள் முகம் கொஞ்சம் மாறியது. யோசித்தாள்.

''பாதி வரைக்கும் மட்டும் தண்ணி ஊத்தினா அங்கிள்?''

தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் அடியில் அழுத்தமும் பாதிதான் என்றேன். அடியில் தெர்மோகோல் போடச் சொன்னேன். கொளத்தூரில் போய்ச் சின்ன மீனாக வாங்கிக்கொள்கிறேன் என்றாள். பேசிய விலையில் ஐந்நூறைக் குறைத்துக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதமாகிறது. நல்ல மழை பெய்கிற ராத்திரியில் அந்தத் தொட்டி ஞாபகம் வருகிறது. என் மனைவிக்கு ஞாபகம் வருவது ஐந்நூறு ரூபாய்.