இரண்டாவது படுக்கை



ஒரு வீட்டில் எத்தனை படுக்கை இருக்கலாம் என்பதற்கும் நம் மார்க்கத்தில் கணக்கு உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து இது: கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, வரும் விருந்தாளிக்கு ஒன்று போதும், அதற்கு மேல் சேர்ப்பது ஷைத்தானுக்குப் போய்ச் சேரும்.

இந்த ஹதீஸை ஆடம்பரத்தைக் கண்டிக்கும் பயான்களில்தான் நாம் கேட்டிருக்கிறோம். கடன்பட்டுக் கட்டிலும் ஸோபாவும் வாங்கிக் கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு அது வேண்டிய எச்சரிக்கைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணவனும் மனைவியும் ஒரே படுக்கையில் உறங்குகிறவர்களாயிற்றே, அவர்களுக்கு ஏன் இரண்டு? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது விரிவுரையில் இதற்கு விடை எழுதியிருக்கிறார்கள். நோய் நொடி போன்ற சமயங்களில் இருவருக்கும் தனித்தனிப் படுக்கை தேவைப்படலாம். ஆகவே அதில் குற்றமில்லை என்பது அவர்களுடைய விளக்கம். அந்தப் பெரியார் ஹிஜ்ரி 676-ல் மறைந்தவர்கள். இதே விஷயத்தைப் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விளங்க வைக்க, 2016-ல் லண்டன் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது!

விவரம் இதுதான். பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகை கட்ட சர்க்கார் உதவித்தொகை தருகிறது. நகரசபை வீடுகளிலும் வீட்டுவசதிச் சங்க வீடுகளிலும் குடியிருப்போரில், உழைக்கும் வயதுள்ளவர்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஒரு புது விதி வந்தது. தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குக் கணக்கிடும் வாடகையில் 14 விழுக்காடு வெட்டு. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 விழுக்காடு. காலி அறை வைத்திருப்போர் சிறிய வீட்டுக்கு மாறினால் நெருக்கடியில் வாழும் குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும், செலவும் குறையும் என்றார்கள். ஜனங்கள் அதற்குப் 'படுக்கையறை வரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். கிடங்கில் சும்மா கிடக்கும் சரக்கை நாமும் விரும்புவதில்லையே.

தம்பதிக்கு ஓர் அறை என்பது அந்த விதி. ஒரு வீட்டில் மனைவி கடுமையான ஊனமுற்றவர். அவருக்கென்று விசேஷக் கட்டில். அதில் இன்னொருவர் படுக்க முடியாது, அறையில் மற்றொரு கட்டிலுக்கு இடமும் கிடையாது. கணவர் பக்கத்து அறையில் படுத்தார். அந்த அறை 'மிகை' என்று எழுதப்பட்டது. இன்னொரு வீட்டில் ஊனமுற்ற பேரனைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்து வந்தார்கள். இரவில் வந்து தங்கும் பணியாளருக்கு ஓர் அறை. அதுவும் மிகை.

சுப்ரீம் கோர்ட்டு 2016 நவம்பரில் இந்த இரு குடும்பங்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விதியின் விசித்திரத்தைப் பாருங்கள். ஊனத்தால் ஒரே அறையில் படுக்க முடியாத பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. கணவன் மனைவிக்கு இல்லை. இரவுத் துணை வேண்டிய பெரியவருக்கு அறை உண்டு, குழந்தைக்கு இல்லை. இந்த வித்தியாசத்துக்கு எந்த நியாயமும் கிடையாது என்று நீதிபதிகள் கண்டார்கள். 2017 ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது. ஆனால் மருத்துவ ரீதியில் அறையின் தேவை அவ்வளவு தெளிவாக இல்லை என்று கருதப்பட்ட வேறு சிலர் அதே நாளில் தோற்றுப்போனார்கள். நகரசபையிடம் உள்ள தனி நிதிக்கு மனுச் செய்வதுதான் அவர்களுக்கு வழி. ஊனம் நிரந்தரமானது, உதவிக்கோ தவணை முடிந்ததும் மறுபடி மனு!

நம் நாட்டில் அறையை எண்ணி வாடகை உதவியை வெட்டும் சட்டம் இல்லை. கோலாலம்பூரில் பி.பி.ஆர். அடுக்குமாடி வீடு என்றால் மூன்று அறை, சுமார் 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி. எந்த அறையில் யார் படுக்கிறார் என்று அங்கே கேட்பதில்லை. கேட்பவர்கள் நாம்தான்.

ரமலான் உதவிப் பட்டியல் தயாராகும் கூட்டங்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பக்கவாதத்தில் விழுந்த ஒரு தையற்காரரின் மனு வந்தது. "மூன்று அறை வீடு, இருப்பது மூன்று பேர். ஓர் அறையை வாடகைக்கு விட்டால் மாதம் முந்நூறு வெள்ளி வருமே!" என்றார் ஓர் அங்கத்தினர். பி.பி.ஆர். வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் சிலர் நேரில் போய்ப் பார்த்தோம். முதல் அறையில் அவரும், கீழே பாயில் மனைவியும். இரண்டாவதில் வயது வந்த மகள். மூன்றாவதில் சக்கர நாற்காலி, மருந்து, பெட்டி பெட்டியாக அணையாடை; அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்குமளவு இடம். அவருடைய தம்பி மகன் கிள்ளானில் கடை அடைத்துவிட்டு இரவு வந்து அங்கே தங்குகிறான். பெரியவரைத் தூக்கிப் புரட்ட ஓர் ஆண் துணை வேண்டும். குமரி இருக்கும் வீட்டில் அவனுக்குத் தனி அறை இல்லாமல் எப்படி? இப்போது சொல்லுங்கள், இதில் எந்த அறை மிகை?

ஜக்காத்துக்கு யார் ஏழை என்ற பாடம் மதரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். குடியிருக்கும் வீடும் உடுத்தும் துணியும் ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து நீக்கிவிடாது என்று 'மின்ஹாஜ்' நூலில் அதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பணிவிடை இல்லாமல் முடியாதவருக்குப் பணியாள் இருப்பதும் அப்படியே என்று விரிவுரையாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். பொருளை எண்ணுவதற்கு முன்னால் தேவையைக் கேட்டிருக்கிறார்கள்.

பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், மழைவெள்ளத்தில் பள்ளிக்கு வர முடியவில்லை என்று முறையிட்டபோது, ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அவர் வீட்டுக்கே எழுந்தருளினார்கள். உட்காருவதற்கு முன்பே, வீட்டில் எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று அவரிடமே கேட்டார்கள். அவர் ஒரு மூலையைக் காட்டினார், அங்கே தொழுதார்கள். இடத்தைத் தீர்மானித்தவர் வீட்டுக்காரர்.

பிரிக்பீல்ட்ஸில் மேல்மாடி அறைகளை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1951-ல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதனால் பார்வையற்ற பலர் அக்கம்பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அறைக்குள் ஒவ்வொரு சாமானும் வைத்த இடத்தில் இருந்தால்தான் அவர்களுக்கு நடமாட்டம். இடம் இருக்கிறதே என்று இன்னொரு கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டால் அவர்கள் தட்டுத் தடுமாற வேண்டியதுதான்.

தையற்காரரின் மனு அந்த ஆண்டே நிறைவேறியது. 2021-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், வேலை செய்ய இயலாத ஊனமுற்றோருக்கு மாதம் 300 வெள்ளி, படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பதற்கு 500 வெள்ளி என்று சமூக நலத்துறை உதவி உயர்த்தப்பட்டது. அதற்கு மனுச் செய்ய வேண்டும் என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை; படிவத்தை நாமே நிரப்பிக் கொடுத்தோம். நம் சங்கத்தின் மனுப் படிவத்தில் 'அறைகள் எத்தனை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'எந்த அறையில் யார், எதற்காக' என்று கேட்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது; அங்கத்தினர்கள் தவறாமல் வந்து சேரவும்.